இடது திரை

தேவகோட்டையில் இரவு ஒன்றரை.
பெல்ஜியத்தில் மழை.

கார்த்திகைக்குப் பிறகு ஒரு சொட்டும் பார்க்காத ஊரில்
ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு
ஈர டயர் போடுகிறேன்.

பகலில் இது இ-சேவைக் கடை.
வருமானச் சான்று, வாரிசுச் சான்று,
பட்டா நகல், ஆதாரில் பிறந்த தேதித் திருத்தம்.
பத்து மணிக்கு மேல்
கவுண்டரில் ஸ்டியரிங் வீலை வைத்துத் திருகினால்
பந்தயக் கார்.
பிரேக் மிதி பின்னால் நழுவும்.
ஏ-ஃபோர் கட்டு ஆறு, சுவரோடு அண்டக்கொடுத்திருக்கிறேன்.
என் பிரேக்கின் பலம்
மூவாயிரம் வெள்ளைத் தாள்.

மான்செஸ்டரிலிருந்து வர்ணனையாளர்
"அமா..." என்று தொடங்குகிறார், "அமாலோ..."
பிறகு மூச்சு வாங்கி
"கார் எண் நாற்பத்தேழு."
அமலோற்பவம்.
ஞானஸ்நானத்தன்று பங்குச்சாமியே திக்கிய பெயர்தான்.
கோபமில்லை.

எனக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது.
காரைக்குடியில் எட்டுப் போடும்போது
காலை ஊன்றிவிட்டேன், இரண்டு தடவை.
இங்கே ஓ ரூஜ் ஏற்றத்தில், இருநூறுக்கு மேல்,
காலை எடுப்பதேயில்லை.

பதினெட்டாம் சுற்று முடிகிறது. ஐந்தாவது இடம்.
முன்னால் ஆஸ்திரியாக்காரன் கிளப்பும் நீர்ப்புகை,
அதற்குள் சிவப்பாய் ஒரு விளக்கு.
அவ்வளவுதான் பாதை.
பின்னால் ரெசீஃபேயிலிருந்து தியாகோ.
நடுவே அரை நொடி இல்லை.

கரண்ட் போனது.

ஃபேன் நிற்க,
யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது.
பெட்டியில் போட்டிருந்தது பதினோரு நிமிடம்.
பேட்டரிக்கு வயது மூன்று.
மீதி நாலு சுற்று, சுற்றுக்கு ரெண்டே முக்கால்:
பதினோரு நிமிடம்.
கணக்கு இவ்வளவு சரியாய் வந்தால் எனக்குப் பயம்.
கல்லா பைசா பிசகாமல் நிற்கும் நாளில்தான்
எதையோ எழுத விட்டிருப்பேன்.

நீள நேர்ப்பாதையில், ஒற்றைக் கையால் ஓட்டி
இடது திரையை அணைத்தேன்.
ஏன் இடது?
கைக்கு எட்டியது அதுதான்.
முப்பது வாட் மிச்சம்.
உலகத்தில் மூன்றில் ஒரு பங்கு இருட்டு.

இரண்டு சுற்று ஒன்றுமில்லை.
மூன்றாவதும் போனது.
கத்தலுக்கு இடையே இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

கடைசிச் சுற்று. லே கோம்: வலது, உடனே இடது.
வலது திரும்பினேன், சுத்தமாக.
இடது திரும்பினேன்.
அங்கே தியாகோ இருந்தான்.

ஸ்டியரிங் மணிக்கட்டை முறுக்கியது,
தாள் கட்டு ஒன்று சரிந்தது.
நடுத்திரையின் ஓரத்தில் அவன் கார்
புல்லில் சுழன்று போவது மட்டும் தெரிந்தது.
நான் ஓட்டினேன். வேறென்ன செய்வது.
கொடி தாண்டி ஒன்பது நொடி,
பிறகு மொத்தமும் அணைந்தது.

இருட்டில் செல்போன்:
கார் நாற்பத்தேழு விளக்கம் தரவும்.

மின்தடை என்று எழுதினேன். அழித்தேன்.
பேட்டரி என்று எழுதினேன். அழித்தேன்.
நாள் முழுக்க அடுத்தவர் மனுவில் காரணம் நிரப்புகிறவள்.
எது ஏற்கப்படும், எது திரும்பி வரும்
எனக்குத் தெரியாதா?
"இடது பக்கம் பார்க்கவில்லை."
அதை மட்டும் அனுப்பினேன்.

ஐந்து நொடி தண்டனை. ஐந்தாவது எட்டாவது ஆனது.

தியாகோ ஒரே ஒரு சொல் அனுப்பினான், போர்த்துகீசில்.
மொழிபெயர்ப்பில் போட்டேன்.
கழுதையாம்.
ஆமாம் என்று பதில் போட்டேன், தமிழிலேயே.
அவனும் கொஞ்சம் தேடட்டும்.

மூன்றேகாலுக்குக் கரண்ட் வந்தபோது
கவுண்டரில் தலை சாய்த்திருந்தேன்.

காலையில் முதல் ஆள் கண்டதேவியிலிருந்து, வாரிசுச் சான்றுக்கு.
பிரிண்டரில் தாள் இல்லை.
"ஒரு நிமிஷம்ணே" என்று குனிந்து
பிரேக்குக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டை உருவினேன்.

ஞாயிற்றுக்குள் புதிதாய் வாங்கிவிட வேண்டும்.
கடைசிப் பந்தயம் மொன்சாவில்.
பிரேக் நிறையத் தேவைப்படும் ஊர்.